மரக்கால் ஸக்கூவின் மருமகள் பேசுகிறேன்

அளவற்ற அருளாளனாகிய இறைவனின் திருப்பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

இந்த நாற்பதாம் நாள் நினைவுப் பேரவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், எங்கள் அக்பாலு பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவர், பேச்சைக் குறைத்துச் செயலைப் பெருக்கிய செம்மல் மீமூன் அவர்களே! ஐந்து வேளையும் எங்களை அழைத்து, ஒரு வேளையும் எங்களைக் கடிந்துகொள்ளாத இமாம் அவர்களே! கணவாய் கடந்து, குளிர் கடந்து, முழங்கால் வலியும் கடந்து, என் பிறந்த ஊராம் இக்ரெமிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! பின்கட்டிலே கூஸ்கூஸ் ஆவியில் முகம் சிவந்து, கையிலே கரண்டியும் காதிலே என் பேச்சுமாக நிற்கும் தாய்மார்களே! சுவர் மேல் ஏறி அமர்ந்திருக்கும் வாலிபர்களே, அது பழைய சுவர், பார்த்து அமருங்கள்! இவர்கள் அனைவருக்கும் மேலாக, வெண்ணிற உடையுடுத்தி முன்வரிசையில் வீற்றிருந்து, நான் எந்த இடத்தில் தவறுகிறேன் என்று கண்காணித்துக்கொண்டிருக்கும் என் அன்பு மாமியார் தூதா அவர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும்!

கணவரை இழந்தவர் வீட்டு வாசலைத் தாண்டாத காலம் இது. ஆகவே, கூட்டத்தைத் தேடி என் மாமியார் வரவில்லை. என் மாமியாரைத் தேடிக் கூட்டம் இந்த முற்றத்துக்கு வந்திருக்கிறது. வந்த கூட்டத்தைப் பார்த்தால் முற்றம்தான் மூச்சுத் திணறுகிறது!

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டதும் என் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "பத்து நிமிஷமா? அவளுக்கு ஸலாம் சொல்லவே அது பத்தாதே!" என்றார். சொன்னீர்களா இல்லையா, அத்தை? தலையாட்டுகிறார். பார்த்தீர்களா, தலையாட்டுகிறார்!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் அழக்கூடாது. இது என் கட்டளையல்ல, மறைந்த என் மாமனார் ஸக்கூவின் கட்டளை. போன இலையுதிர் காலத்தில், இதே முற்றத்தில் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "ரப்ஹா, என் நாப்பதாம் நாளுக்கு எவனாவது மூக்கைச் சிந்திக்கிட்டு வந்தான்னா, அவன் தட்டுல இறைச்சி வைக்காதே. வெறும் பூசணிக்காயை வை." ஆகவே கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். இன்று ஆட்டிறைச்சி நன்றாக வெந்திருக்கிறது.

பெரியோர்களே, தாய்மார்களே!

யார் இந்த ஸக்கூ? மலையிலே பிறந்தவர், மலையை மிதித்தவர், மலையிடம் தோற்றுவிட்டு மறுநாளும் மலையேறியவர். ஓட்டம் என்றால் ஓடையும் பின்தங்கும். மல்யுத்தம் என்றால் சந்தை நாளில் கூட்டம் கூடும். களத்திலே காளை, கட்டிலருகே குழந்தைக்குத் தாலாட்டு! எண்பத்து நான்கு வயதிலும் பேரப் பிள்ளைகளோடு களத்துமேட்டைச் சுற்றி ஓடியவர். பிள்ளைகள் தாத்தாவுக்காக வேகத்தைக் குறைத்தால் விடுவாரா? "விட்டுக் குடுக்கிறியாடா எனக்கு? திரும்ப ஓடு, மொதல்லேர்ந்து!" என்பார். மூன்றாம் சுற்றில் பேரன்கள் வைக்கோல் மேல் விழுந்து கிடப்பார்கள். தாத்தா இடுப்பில் கை வைத்து நின்று சிரிப்பார்.

இளமையில் பிரான்சுக்காரர் படையில் சேர்ந்து போருக்குப் போனார். கடல் கடந்து போனார். துப்பாக்கி தூக்கவா போனார்? அதுவும் தூக்கினார்; ஆனால் படையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை கோவேறு கழுதை மேய்ப்பது. குண்டு விழுகிற மலைகளிலே, கழுதைக்குத் தீனி, கழுதைக்கு லாடம், கழுதை வாலுக்குப் பின்னல்! சேற்றில் புரண்டு சிக்காகாமல் இருக்க வாலைப் பின்னிக் கட்ட வேண்டுமாம். அந்தக் கைதான் பிறகு, மூன்று மகள்களுக்கும் காலையில் சடை பின்னியது. ஊர் ஆண்கள் சிரித்தார்கள். "என்ன ஸக்கூ, பொம்பள வேலை எல்லாம் செய்யிறே?" என்றார்கள். அவர் சொன்ன பதில் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். "கழுதைக்குப் பின்னினப்ப மெடல் குடுத்தாங்கடா. மகளுக்குப் பின்னினா கேலி பண்றீங்களே!"

என் நாத்தனார்கள் மூவரும் இங்கே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். அவர் பின்னிய சடை மூன்று நாள் அவிழாது!

சரி, பலகைக்கு வருகிறேன். வரச் சொல்லித்தானே சுவர் மேலிருந்து கத்துகிறீர்கள்?

பிரான்சு நாட்டில் வோஜ் மலை. கடுங்குளிர்காலம். கழுதைகள் வயிறு வரை பனியில் புதைந்து நின்றுவிட்டன. செய்தி கொண்டு போக ஆள் வேண்டும். அந்த ஊரில் கடிதம் கொடுக்கிற பெண் ஒருத்தி, இரண்டு நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, சறுக்கிப் போவதை இவர் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? கையைக் காட்டி, காலைக் காட்டி, ரொட்டியைக் காட்டி, எப்படியோ கெஞ்சிக் கற்றுக்கொண்டார். முதல் நாள் விழுந்தார். இரண்டாம் நாளும் விழுந்தார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், படையின் செய்தியைச் சுமந்து சரிவுகளிலே பறந்தார்!

இந்தக் கதையை அவர் எத்தனை முறை சொன்னாலும் என் மாமியார் ஒரே கேள்விதான் கேட்பார். "அந்தத் தபால்காரிக்கு என்ன வயசு?"

"அறுபது இருக்கும், தூதா."

"பார்க்க எப்படி இருப்பா?"

"மீசை இருந்துச்சு."

"மீசையாம் மீசை! மீசைக்காரிகிட்ட ஒரு குளிர்காலம் பூரா பாடம் கேட்டானாம் இந்த மனுஷன்!"

ஐம்பது ஆண்டுக் குடித்தனத்தில் இந்த வழக்கு மட்டும் தீர்ப்பாகவில்லை. அத்தை, இன்றாவது மன்னித்துவிடுங்கள். மாட்டீர்களா? சரி, வழக்கு நிலுவையில் இருக்கட்டும்!

போர் முடிந்தது. மற்றவர்கள் கைக்கடிகாரம் கொண்டு வந்தார்கள். கம்பளிக் கோட்டு கொண்டு வந்தார்கள். இவர் என்ன கொண்டு வந்தார்? தோளிலே இரண்டு மரப்பலகை! ஊர் அதிர்ந்தது, ஊர் சிரித்தது, ஊர் அவருக்கு ஒரு பெயர் சூட்டியது: மரக்கால் ஸக்கூ. பனி பெய்தால் அவர் சரிவிலே சறுக்குவார். ஊர் கூரை மேல் நின்று வேடிக்கை பார்க்கும். "இறைவன் ரெண்டு கால் குடுத்திருக்கான், இவனுக்குப் போதலையாம்" என்பார் ஒருவர். "பைத்தியம் பலகை கட்டிக்கிட்டு வருது, ஆட்டை உள்ளே விடு" என்பார் இன்னொருவர். முப்பது ஆண்டுகள் இப்படி. அவர் கோபித்துக்கொண்டாரா? கேலி செய்தவரைப் பார்த்துக் கையசைத்தபடியே கீழே போய்விடுவார். பனி இல்லாத காலத்தில் அந்தப் பலகைகள் அடுப்படி உத்தரத்தில் குறுக்கே கிடக்கும். அதன் மேல் என் மாமியார் மிளகாய் காயப் போடுவார்.

இப்போது நான் வருகிறேன்.

நான் எப்படி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன்? எல்லோர் வீட்டுக்கும் மருமகள் வாசல் வழியாக வருவாள். நான் வானத்திலிருந்து வந்தேன்! சிரிக்கிறீர்கள். இக்ரெம்காரர்களே, நீங்கள் சொல்லுங்கள், பொய்யா?

எனக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளை, அதோ தூணில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்க்கிறாரே, பாஸ்ஸூ, அவர்தான். அக்ரூட் உலுக்கி முடித்த வாரம் கல்யாணம் வைத்தார்கள். அந்தக் காலத்தில் கணவாய்க்குச் சாலை கிடையாது. விடியற்காலையில் இக்ரெமிலிருந்து புறப்பட்டோம். கோவேறு கழுதை மேல் நான். கை நிறைய மருதாணி. முகத்துக்கு மேல் சிவப்புத் திரை. முன்னால் என் தாய்மாமன் அஸ்ஸூ. பின்னால் என் சித்தி இஸ்ஸா. தப்பு அடிக்கிறவர்கள், சீர் சுமந்த கழுதைகள். தாய்மாமன் அஸ்ஸூ எப்படிப்பட்டவர்? சடங்கென்றால் உயிரை விடுவார். அடுத்தவர் உயிரையும் சேர்த்து விடுவார். மன்னியுங்கள், மாமன் மக்களும் இங்கே இருக்கிறார்கள். நீங்களே சிரிக்கிறீர்கள், நான் என்ன செய்ய!

கணவாயை எட்டும்போது வானம் வெளுத்திருந்தது. கணவாயைக் கடந்து இந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் வானமே இல்லை. பனி! பருவத்துக்கு முந்திய பனி! பக்கவாட்டிலே அடித்த பனி! என் கழுதையின் காது எனக்குத் தெரியவில்லை. தப்படிக்கிறவர்களின் கை விறைத்தது. சித்தி இஸ்ஸா இரண்டு முறை விழுந்தாள். எப்படியோ தடவித் தடவி, அந்த வழியில் ஒதுங்க இருந்த ஒரே இடமான, இடையர்கள் கோடையில் தங்கும் கல் குடிசைக்குள் புகுந்தோம். மரக்கதவு ஒன்று இருந்தது, அடைத்தோம். ஆனால் எரிக்க விறகு இல்லை. சாணி வறட்டி நனைந்து கிடந்தது. சித்தி முதலில் நடுங்கினாள். அப்புறம் நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் நின்றதும் நல்லது என்று நினைத்தேன். எனக்கு அப்போது தெரியாது, தாய்மார்களே, நடுக்கம் நிற்பதுதான் ஆபத்து என்று.

அதே நேரம் இங்கே அக்பாலுவில் என்ன நடந்தது? அடுப்பிலே ஆடு வேகிறது. கூரை மேல் குலவையிடப் பெண்கள் தயார். மாப்பிள்ளை புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கணவாயைப் பார்க்கிறார். கணவாய் இருந்த இடத்தில் கறுப்பு மேகம்.

"நான் போறேன்ப்பா" என்றாராம் என் வீட்டுக்காரர்.

"நீ எங்கே போவே? மேலே முட்டி வரைக்கும் பனி இருக்கும். நீயும் மாட்டிக்கிட்டா, பொண்ணு வந்து யாரைக் கட்டிக்கும்? நீ கட்டின தலைப்பாகையையா?" என்று கேட்டுவிட்டு, என் மாமனார் நேரே அடுப்படிக்குள் போனார். உத்தரத்திலிருந்து பலகைகளை இழுத்தார். மிளகாய் மழை!

"ஐயோ, என் மொளகா!" என்று கத்தினார் என் மாமியார்.

"மொளகா காயும். அந்தப் பொண்ணு விறைச்சுப் போயிடும்" என்றார் அவர்.

அதைக் கேட்டதும் என் மாமியார் பேரீச்சம்பழமும் வெண்ணெயும் பொதிந்து கட்டினார். கொதிக்கக் கொதிக்கத் தேநீரைத் தோல்பையில் ஊற்றி, அதன் மேல் கம்பளி சுற்றி, அவர் முதுகில் தன் கையாலேயே கட்டினார். பலகையின் அடியில் ஆட்டுத்தோலை, முடி பின்புறம் சாய வைத்து வரிந்தார் என் மாமனார். அப்படிக் கட்டினால் ஏறும்போது பின்னால் வழுக்காதாம். முப்பது ஆண்டு சிரித்த ஊர், அன்று வரிசையாக நின்று பார்த்தது. ஒரு வாய்கூடச் சிரிக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது மனிதர், மரக்காலோடு மேகத்துக்குள் நடந்து மறைந்தார்.

குடிசைக் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் ஒரு பனிப்பொம்மை நிற்கிறது. தாடி பனி, புருவம் பனி, அங்கி பனி. பனிக்கு நடுவே இரண்டு கண். அந்தப் பொம்மை, "ஸலாம் அலைக்கும். கல்யாணச் சாப்பாடு ஆறிப் போகுதாம், பொண்டாட்டி சொல்லிவிட்டா" என்றது.

என் மாமன் அஸ்ஸூ எழுந்தார். எழுந்து என்ன செய்தார்? தண்ணீர் கேட்டாரா? தழுவிக்கொண்டாரா? திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றார்!

"நீ யாரு? மாப்பிள்ளை வீட்டு ஆளா? ஊர் எல்லையில பாலும் பேரீச்சம்பழமும் குடுக்காம பொண்ணை ஒருத்தன் பார்க்கக் கூடாது. தொடவும் கூடாது!"

"பேரீச்சம்பழம் இருக்கு. பாலு வழியில வெண்ணெயாயிடுச்சு, எடுத்துக்கோ."

"விளையாடுறியா? சடங்குன்னு ஒண்ணு இருக்கு!"

"அண்ணே, சடங்கைத் தூக்கிட்டுப் போக நான் வரல. மனுஷங்களைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே சித்தியின் அருகே மண்டியிட்டார். கையைத் தொட்டார். கன்னத்தைத் தட்டினார். முகம் மாறிவிட்டது. தேநீரை அவள் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலே கேலியும் இல்லை, விளையாட்டும் இல்லை. அதுவரை நாங்கள் பார்த்த மனிதர் வேறு. அப்போது பார்த்த மனிதர் வேறு.

"ஒரே ஒருத்தரைத்தான் இப்போ இறக்க முடியும். நான் கூட்டிட்டுப் போக வந்தது மருமகளை. ஆனா இந்தம்மா நிலைமை சரியில்ல. யாரைக் கொண்டு போறது?"

"பொண்ணைத்தான்! அதுல என்ன கேள்வி?" என்றார் மாமன்.

அப்போதுதான் நான் திரையை விலக்கினேன். தாய்மாமன் முன்னால், தப்படிக்கிறவர்கள் முன்னால், மாமனாராகப் போகிறவர் முன்னால், கல்யாணப் பெண் தன் கையாலேயே திரையை விலக்கினேன். "சித்தியைக் கொண்டு போங்க. நான் இருப்பேன்" என்றேன். எனக்கும் அவருக்கும் நடந்த முதல் பேச்சு அதுதான். அவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். "பேரு என்னம்மா?" என்றார். "ரப்ஹா." "சரி ரப்ஹா. கதவை எடுக்கப் போறேன்."

"கதவையா?" என்று மாமன் அலறினார். "அது இடையனுங்க சொத்து!"

கீலைப் பெயர்த்தார். கதவைத் தரையில் சாய்த்தார். சேணக் கயிற்றால் சித்தியை அதில் கட்டினார், கைக்குழந்தையைத் தொட்டிலில் கட்டுவதுபோல. கதவு இருந்த இடத்தில் பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. மாமன் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "கதவையும் எடுத்துட்டான். இனி இவன் எங்கே திரும்பி வரப் போறான்?"

என் மாமனார் வாசலில் நின்று திரும்பினார். "கதவை எடுத்துட்டேன்ல? அதான் திரும்பி வருவேன்."

கதவு முன்னால் சறுக்க, கயிற்றை இழுத்துப் பிடித்தபடி அவர் பின்னால் சறுக்க, இருவரும் வெண்மைக்குள் கரைந்தார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? என் கல்யாணச் சீர் போர்வைகளை எடுத்தேன். என் அம்மா ஒரு வருடம் நெய்த போர்வை. எல்லாவற்றையும் வாசலில் தொங்கவிட்டு ஓரத்தில் கல் வைத்தோம். "சீரைப் பனியில நனைக்கிறியே!" என்று மாமன் புலம்பினார். பிறகு அதே போர்வையின் ஓரத்தைத் தானும் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றோம்? எனக்குத் தெரியாது. தப்படிக்கிறவர்களை அடிக்கச் சொன்னேன். "விரல் வரல, தங்கச்சி" என்றார்கள். "முழங்கையால அடிங்க" என்றேன். அடித்தார்கள்! கல்யாணப் பாட்டைப் பாடினோம். பல் கிட்டிப்போன வாயால், மணமகளும் சேர்ந்து, தன் கல்யாணப் பாட்டைத் தானே பாடினாள்!

கீழே, பனி முடியும் இடத்தில் ஊரே நின்றது. சித்தியை வாங்கிக்கொண்டார்கள்; வெந்நீர், கம்பளி, அடுப்பு. என் மாமனாரின் கால்கள் நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அன்றைய ஊர்த் தலைவர் தோளைப் பிடித்தார். "ஸக்கூ, போதும்பா. மேலே இன்னும் கறுத்துக்கிட்டு இருக்கு. விடிஞ்சா எல்லாருமா போகலாம்." என் மாமியார் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். அவர் கதவை மரத்தில் சாய்த்து வைத்தார். ஆட்டுத்தோலை மறுபடி வரிந்தார். "அவங்க வீட்டுக் கதவு என்கிட்ட இருக்கு" என்றார். ஏறிவிட்டார்.

அவர் ஏறியதைப் பார்த்தபிறகு ஊர் நிற்குமா? முதலில் மண்வெட்டியை எடுத்தவர் புதுத் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை. அவர் பின்னால் இருபது பேர், நாற்பது பேர். மரக்கால் என்று முப்பது ஆண்டு கேலி பேசிய அத்தனை பேரும், அந்த மரக்கால் போட்ட தடத்தைப் பார்த்துப் பார்த்து ஏறினார்கள்!

போர்வை விலகியது. அதே பனித்தாடி, அதே கண்கள். "பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. வழி தப்பாம வந்துட்டேன்" என்றார். அதற்குள் பனி ஓய்ந்து, மேற்கே சூரியன் தலை நீட்டியது. மண்வெட்டிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். கழுதைகளுக்கும் தப்பு மேளங்களுக்கும் அவர்கள் பொறுப்பு. என் மாமனார் என்னைப் பார்த்தார்.

"நடந்து வர்றியா, இல்ல என் பின்னாடி நிக்கிறியா?"

மாமன் அஸ்ஸூ வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "நிக்கிறேன் மாமா."

அவருடைய நீளப் பலகைகளின் பின்பகுதியில், என் பாதங்களை அவர் பாதங்களுக்குப் பின்னால் வைத்து, அவர் அங்கியைப் பிடித்து நின்றேன். "கண்ணை மூடாதே. மூடினா விழுவே" என்றார். மூடவில்லை! தாய்மார்களே, நான் மூடவில்லை! மலை என் பக்கத்தில் ஓடியது. சிவப்புத் திரை எனக்குப் பின்னால் கொடியாகப் பறந்தது. பயந்தேனா? முதல் வளைவு வரை பயந்தேன். இரண்டாம் வளைவில் கத்தினேன். மூன்றாம் வளைவில் சிரித்தேன். கூரைகள் மேலே பெண்களின் குலவை எழுந்தது. ஒரு குலவை, பத்துக் குலவை, ஊர்க் குலவை!

என் மாமியார் ஓடி வந்து என் முகத்தைப் பிடித்தார். எல்லோரும் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். நான் தலையாட்டினேன். உடனே கணவர் பக்கம் திரும்பி, "என் மருமகளை மூட்டை மாதிரி பின்னாடி நிக்க வெச்சுக் கூட்டிட்டு வர்றியே, மனுஷனா நீ!" என்று ஆரம்பித்தார். அன்று தொடங்கிய அந்த வசவு, போன மாதம் வரை ஓயவில்லை. சித்தி இஸ்ஸா மூன்றாம் நாள் எழுந்து அமர்ந்து, கல்யாண இறைச்சியில் தன் பங்கு எங்கே என்று கேட்டாள். மாமன் அஸ்ஸூ? அவர் அன்று கழுதை மேல் இறங்கி வந்தார். வந்ததும் எல்லையில் நின்று பாலும் பேரீச்சம்பழமும் கேட்டார். கொடுத்தோம், என்ன செய்ய!

பெரியோர்களே! இவ்வளவு நேரம் சிரித்தோம். இனி ஒரு நிமிடம் அமைதியாகக் கேளுங்கள்.

அடுத்த கோடையில் கூரை மேல் சர்க்கரைப் பாதாமிப் பழம் காய வைத்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன். "மாமா, அன்னிக்கு உங்க கால் நடுங்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் திரும்ப ஏறினீங்க?"

கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். வோஜ் மலையில் ஒரு நாள், காயம்பட்ட நண்பர்கள் இருவரைச் சரிவில் விட்டுவிட்டுச் செய்தியோடு கீழே வந்தாராம். செய்தியைக் கொடுத்ததும் பலகையைக் கட்டினாராம், மேலே போக. "போகாதேன்னு உத்தரவு போட்டாங்க, ரப்ஹா. வாசல்ல காவல் வெச்சாங்க. மறுநாள் போனப்ப ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. தூங்கறவங்க மாதிரி." ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கினார். "அன்னிக்கு என்னை ஏற விடல. உன் கல்யாணத்தன்னிக்கு என்னைத் தடுக்க எவனும் அதிகாரி இல்ல. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! வீரம் என்று நாம் மேடை போட்டு முழங்குகிறோம்; அவர் அவ்வளவுதான் என்கிறார். பதக்கத்தைப் பெட்டியின் அடியில் போட்டவர் அவர். போரில் கற்ற பலகையைப் போருக்குப் பின் முப்பது ஆண்டு காத்து வைத்திருந்தவர் அவர். எதற்காகக் காத்தார்? யாரையும் வெல்வதற்கா? யாரையும் வீழ்த்துவதற்கா? மேலே விட்டுவந்தவர்களிடம் மறுபடி ஏறிப் போவதற்கு! ஏறியவர் பலர் உண்டு, இறங்கியவர் பலர் உண்டு. பத்திரமாக இறங்கிய பிறகும், நடுங்கும் காலோடு மறுபடி ஏறியவர் எத்தனை பேர்? அந்த ஏற்றம்தான் ஸக்கூ! அந்த ஏற்றத்தின் மறுமுனையில் உயிரோடு நிற்பவள் நான். எனக்குப் பிறந்த பிள்ளைகள் நால்வர். சித்தி இஸ்ஸா அதற்குப் பிறகு பார்த்த கொள்ளுப் பேரர்கள் எத்தனை என்று அவளுக்கே கணக்கில்லை. அந்தக் கூட்டமெல்லாம் அவர் போட்ட தடத்தில் நடக்கிற கூட்டம்!

அதற்குப் பிறகு பனி பெய்தால் அக்பாலுவில் யாரும் கூரை மேல் நின்று சிரிக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பெட்டிப் பலகை, பீப்பாய்ப் பலகை, கிடைத்த பலகை எல்லாம் காலுக்கு வந்தது. பெண் பிள்ளைகளைச் சில அப்பாக்கள் தடுத்தார்கள். என் மாமனார் வீடு வீடாகப் போய் அமர்ந்து தேநீர் குடித்தார். "உன் மக விழுந்தா நான் தூக்கறேன். உன் மகன் விழுந்தா அவனே எழுந்திருக்கட்டும். சரியா?" என்பார். மூன்று கோப்பைத் தேநீருக்கு மேல் எந்த அப்பாவும் தாக்குப் பிடித்ததில்லை.

நாற்பது நாளுக்கு முன், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, அதோ அந்தச் சுவரோரம் வெயிலில் அமர்ந்தார். "தூதா, டீ போடு" என்றார். என் மாமியார் கோப்பையோடு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. "டீ ஆறிப் போகுமேன்னு கூட யோசிக்காம போயிட்டியே, மனுஷா" என்றார் என் மாமியார்.  அந்தக் கோப்பையை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு, தானும் அமர்ந்துகொண்டார்.

அன்றிரவு பனி கொட்டியது. விடிந்தால் அடக்கத்தலமான மையவாடிக்குப் போகும் ஏற்றம் முழுவதும் இடுப்பளவு வெண்மை. ஜனாஸாவைத் தோளில் ஏற்றிய ஆண்கள் பத்தடி போவதற்குள் புதைந்து நின்றார்கள். மண்வெட்டி போட்டால் பக்கத்துப் பனி சரிந்து வந்து மூடியது. அப்போது என் மகள் ஹென்னு பலகைகளைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தாள். அவள் பின்னால் அவர் பழக்கிய பெண் பிள்ளைகள் பதினைந்து பேர்.

"நாங்க மிதிச்சு வழி போடறோம்" என்றாள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். "பொண்ணுங்க ஜனாஸாவுக்கு முன்னாடி போறதா? எங்கேயாவது உண்டா?"

இமாம் அவர்கள் சொன்னதை இந்த அவை மறக்கக்கூடாது. "வழியில்லாம ஜனாஸா எப்படிப் போகும்? அதுங்க முடிக்கட்டும். நாம நிப்போம்" என்றார். நின்றார்கள்! இந்த ஊரின் ஆண்கள் அத்தனை பேரும், தோளிலே தங்கள் ஸக்கூவைச் சுமந்தபடி, பெண் பிள்ளைகள் பக்கவாட்டில் அடியெடுத்து அடியெடுத்துப் பனியை மிதித்து இறுக்கும்வரை, பொறுமையாக நின்றார்கள். பிறகு அந்த வெண்பாதை மேல் நடந்து போய் அவரை அடக்கம் செய்தார்கள். பிள்ளைகள் பாதையின் ஓரம் ஒதுங்கி நின்றார்கள்.

துஆ முடிந்தது. ஊர் தலை குனிந்து நின்றது. ஹென்னு இமாமிடம் போய் மெல்லக் கேட்டாளாம்: "இறங்கும்போது நாங்க சறுக்கிக்கிட்டே போகலாமா? தப்பில்லையே?"

இமாம் கபுரைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். "அவரு இருந்தா, இன்னும் ஏன் நிக்கிறேன்னு உன்னைத் திட்டியிருப்பாரும்மா" என்றார்.

பெண்கள் நாங்கள் இந்தக் கூரை மேல் நின்று பார்த்தோம். மையவாடியிலிருந்து முதலில் ஒருத்தி பறந்தாள். பிறகு இருவர். பிறகு அத்தனை பேரும்! பனிப்புகை எழ, சரிவு முழுவதும் வளைந்து வளைந்து வந்தார்கள். முகம் சுளித்த அந்தப் பெரியவர்தான் முதலில் கத்தினார்: "மெதுவா! ஏ புள்ள, மெதுவா... அப்படித்தான்! அப்படித்தான் வளைக்கணும்! பலே!" கண்ணீரோடு ஏறிய ஊர், கை தட்டிக்கொண்டே இறங்கியது.

என் பேச்சு இத்துடன் போதும். பத்து நிமிடம் கொடுத்து, எண்ணாமல் விட்ட தலைவருக்கு என் நன்றி. கணவாய் தாண்டி வந்த இக்ரெம் சொந்தங்களுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி, சிரிப்பதுபோல் கண்ணைத் துடைத்தவர்களுக்கும் நன்றி. உங்கள் தட்டில் இறைச்சி உண்டு, நான் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன். மலையைப் படைத்தவன் அவருடைய மண்ணறையை விசாலமாக்கட்டும். அவர் விட்டுச் சென்றவர்களின் கால்களுக்கு வலுவைக் கொடுக்கட்டும்.

கை கழுவத் தண்ணீர் வருகிறது, அமருங்கள். உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்! வணக்கத்துடன் விடைபெறுகிறேன்.